ஒஹலா: ‘மழை பெய்யாதா!’ என்று ஸ்பானிஷில் சொல்வது எப்படி

ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அன்றாடம் வாய்விட்டுச் சொல்லும் சொற்களில் ஒன்று ‘ஒஹலா’. பேருந்து கிடைக்க வேண்டும், காய்ச்சல் இறங்க வேண்டும், தேர்வில் தேற வேண்டும், எதிரணி தோற்க வேண்டும் என எல்லா ஆசைக்கும் இந்த ஒரு சொல்தான். கற்றுக்கொள்பவர்களுக்கோ இது ‘நம்புகிறேன்’ என்ற ஒற்றை வரிப் பொருளோடு வந்து சேர்கிறது. பிழைகளில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகின்றன. ஒஹலா வினைச்சொல் அல்ல; அதற்குள் ‘நான்’ கிடையாது; நம்பிக்கையும் கிடையாது. இருப்பது ஆசை மட்டும்.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ‘பெய்யட்டும்’, ‘பெய்ய வேண்டுமே’, ‘பெய்யாதா’, ‘பெய்திருக்கக் கூடாதா’ என்று ஆசையைப் பல படிகளாகப் பிரித்துச் சொல்ல நமக்கு முன்பே தெரியும். ஒஹலாவுக்குப் பின்னால் வரும் வினையும் அதே படிகளில்தான் மாறுகிறது. எனவே ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல் தமிழிலிருந்து நேராகப் போவதே குறுக்குவழி. அதற்கு முன் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. இதன் பிறப்பு தெரிந்தால் இலக்கணம் தானாகவே மனத்தில் நிற்கும்.

உச்சரிப்பு

மூன்று அசைகள்: ஒ, ஹ, லா. அழுத்தம் கடைசி ‘லா’வில். நடுவில் உள்ள எழுத்தின் பெயர் ஹோத்தா (ஆங்கில ‘ஜே’). ஸ்பெயினின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் அது தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரும் கரகரப்பான ஒலி. ஸ்பெயினின் தெற்கிலுள்ள அந்தலூசியாவிலும் கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் அது நம் ‘ஹ’ போல மென்மையாகிவிடும். தமிழர்கள் ‘ஹ’ என்றே சொன்னால் எங்கும் புரியும்.

அழுத்தத்தில்தான் கவனம் வேண்டும். உயிரொலியில் முடியும் ஸ்பானிஷ் சொல்லுக்கு, குறி எதுவும் இல்லையென்றால் அழுத்தம் கடைக்கு முந்திய அசையில் விழும். ஆகவே கடைசி எழுத்தின் மேல் சாய்கோடு போடாமல் எழுதினால் அதை ‘ஒஹாலா’ என்று வாசிக்க வேண்டும். அப்படியும் ஒரு சொல் இருக்கிறது. சட்டைப் பொத்தான் நுழையும் துளைக்கு ‘ஒஹால்’ என்று பெயர். கண் என்று பொருள்படும் ‘ஓஹோ’விலிருந்து வந்தது. அந்தத் துளையைத் தைப்பது ‘ஒஹலார்’. சாய்கோட்டை விட்டுவிட்டால் எழுத்துப்படி கிடைக்கும் பொருள் ‘பொத்தான்துளை தைக்கிறார்’ என்பது. அரட்டைச் செய்தியில் யாரும் இதைப் பெரிதுபடுத்தமாட்டார்கள். தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அது பிழைதான். முதல் அசையில் அழுத்தி ‘ஓஹலா’ என்று இழுப்பதையும் பேச்சில் கேட்கலாம். அதைப் பின்பற்ற வேண்டாம்.

தட்டச்சு செய்ய: கைபேசியில் ஆங்கில ‘ஏ’ எழுத்தை அழுத்திப் பிடித்தால் சாய்கோட்டு வடிவம் மேலே வரும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 160 தட்டுங்கள். ஸ்பானிஷில் உணர்ச்சிக்குறி வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழாக வர வேண்டும். அதற்கு ஆல்ட் உடன் 173.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பது

711-இல் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) வந்த அரபு ஆட்சி, 1492-இல் கிரனாடா வீழ்ந்ததோடு முடிந்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அங்கே பேசப்பட்ட அந்தலூசிய அரபு, ஸ்பானிஷுக்குள் ஆயிரக்கணக்கான சொற்களை விட்டுச் சென்றது. அவற்றில் பெரும்பாலானவை பொருட்பெயர்கள்: சர்க்கரைக்கு ‘அசூகார்’, எண்ணெய்க்கு ‘அசேய்தே’, தலையணைக்கு ‘அல்மொஆதா’. பொருளோடு சேர்ந்து பெயரும் வருவது எந்த மொழியிலும் நடப்பதுதான். ஜன்னலும் அலமாரியும் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு அப்படித்தான் வந்தன. ஆனால் ஆசையைச் சொல்லும் சொல்லையே இன்னொரு மொழியிலிருந்து எடுப்பது எளிதில் நடக்காது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தெருவில் பல தலைமுறைகள் வாழ்ந்திருந்தால்தான் அது நடக்கும். ‘வரை’ என்று பொருள்படும் ‘ஆஸ்தா’வும் அப்படி அரபிலிருந்து வந்ததே.

ஸ்பானிஷ் அரச கல்விக்கழகத்தின் அகராதி ஒஹலாவுக்குத் தரும் மூலம், அந்தலூசிய அரபுத் தொடரான ‘லவ் ஷா ல்லாஹ்’. ‘லவ்’ என்றால் ‘-ஆல்’. ‘ஷா’ என்றால் விரும்பு. கடைசியில் இருப்பது அல்லாஹ். ‘இறைவன் விரும்பினால்’ என்பது பொருள். முதல் அசையை ‘வ’ என்று கொண்டு, ‘இறைவன் விரும்பட்டும்’ என்று பொருள் சொல்வாரும் உண்டு. பின்னிரண்டு துண்டுகளில் கருத்து வேறுபாடு இல்லை.

இங்கே ஒரு இடறல். ‘இன்ஷா அல்லாஹ்’ தமிழர் காதுக்கு நன்கு பழகிய தொடர். அதனால் ஒஹலா அதன் திரிபு என்று உடனே சொல்லத் தோன்றும். அது சரியல்ல என்பதைச் சொல்லின் ஒலியை வைத்தே சோதிக்கலாம். ‘இன்’ என்பதிலிருந்து வந்திருந்தால் அந்த ‘ன்’ எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அரபு வழியாக வந்த ஆரஞ்சுப் பழத்தின் பெயர் ஸ்பானிஷில் ‘நராங்ஹா’. அதில் மூக்கொலி கரையாமல் நிற்கிறது. ‘ஓ அல்லா’ என்று கூவுவதிலிருந்து வந்தது என்ற விளக்கமும் நிற்காது, ஏனென்றால் நடுவில் உள்ள ‘ஹ’ எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை.

‘லவ் ஷா ல்லாஹ்’ என்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லா ஒலிக்கும் கணக்கு இருக்கிறது. ‘அவ்’ என்ற கூட்டொலி ஸ்பானிஷில் ‘ஓ’ ஆவது வழக்கம்: லத்தீன் ‘தவ்ரும்’ (காளை) ‘தோரோ’ ஆயிற்று, ‘அவ்ரும்’ (பொன்) ‘ஓரோ’ ஆயிற்று, ‘கவ்சா’ ‘கோசா’ ஆயிற்று. சொல்லின் தொடக்கத்து ‘ல்’ உதிர்ந்தது. ‘ஷா’வின் ஒலி பழைய ஸ்பானிஷில் அப்படியே இருந்தது; அதை எக்கிஸ் (ஆங்கில ‘எக்ஸ்’) என்ற எழுத்தால் எழுதினார்கள், ‘ஒஷலா’ என்று படித்தார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பானிஷின் ‘ஷ’ எல்லாமே பின்வாங்கித் தொண்டைக்குப் போயிற்று. எழுத்து மட்டும் பழையபடி நின்றது. 1815-இல் கல்விக்கழகத்தின் எழுத்துமுறை விதிகள் அந்த இடங்களில் எக்கிஸை எடுத்துவிட்டு ஹோத்தாவைப் போட்டன. கடைசி ‘ஹ்’ மறைந்தது. அழுத்தம் அரபில் இருந்த இடத்திலேயே, கடைசி அசையில், நிலைத்தது.

இதற்குச் சாட்சிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. போர்த்துகீசியம் இந்தத் தொண்டை மாற்றத்துக்கு ஆளாகவில்லை. அங்கே இன்றும் எக்கிஸால் எழுதி ‘ஒஷலா’ என்றே சொல்கிறார்கள். ஹெரேஸ் ஊரின் திராட்சை மதுவை ஆங்கிலேயர்கள் ‘ஷெர்ரி’ என்று அழைப்பது, அந்த ஊர்ப் பெயரில் ‘ஷ’ இருந்த காலத்தில் காதில் வாங்கியதால். மெக்சிகோவின் பெயரில் எக்கிஸ் இன்றும் நிற்கிறது; ஸ்பானிஷ்காரர் வாயிலோ அது ‘மேஹிகோ’.

வேறு எந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடும்போதும் இதே வரிசையில் போகலாம். முதலில் பழைய எழுத்து வடிவம் என்ன என்று பாருங்கள். அடுத்து, அக்கம்பக்க மொழிகளில், குறிப்பாகப் போர்த்துகீசியத்திலும் கத்தலானிலும், அதன் உறவுச் சொல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஒலி மாற்றத்துக்கும் அதே மாற்றம் கண்ட வேறு இரண்டு மூன்று சொற்களைக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். பொருள் ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால், பத்தில் பல தடவை கதைதான் கிடைக்கும், சொல்லின் வரலாறு கிடைக்காது.

‘லவ்’ சொல்லிக்கொடுக்கும் இலக்கணம்

அரபில் ‘-ஆல்’ என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நடக்கக்கூடியதற்கு ‘இன்’. நடக்காததற்கும், நடப்பது அரிதென்று நினைப்பதற்கும் ‘லவ்’. ஒஹலாவுக்குள் உறைந்து கிடப்பது இந்த இரண்டாவது. ‘நடக்குமோ என்னவோ, நடந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்’ என்ற ஏக்கம் சொல்லின் விதையிலேயே இருக்கிறது. அதனால்தான் அதன் பின்னால் உறுதிச் செய்தி சொல்லும் வினை வருவதே இல்லை. ஸ்பானிஷில் ‘சுப்ஹுந்தீவோ’ என்று தனியாக ஒரு வினைவடிவம் உண்டு: ஆசை, ஐயம், வேண்டுதலுக்கானது. ஒஹலாவுக்குப் பின் அது மட்டுமே வரும். நம் வியங்கோள் வினைமுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வாழ்க’ என்று வாழ்த்தவும், ‘ஒழிக’ என்று வையவும், வேண்டவும் அதே வடிவம்தானே. ஒஹலாவும் வாழ்த்து, சாபம் இரண்டையும் சுமக்கும்.

நான்கு படிகள். எல்லாவற்றுக்கும் மழையையே எடுத்துக்கொள்வோம்.

வானம் கறுத்திருக்கிறது, மழை வரலாம்: ‘ஒஹலா யுவேவா’. மழை பெய்யட்டும், பெய்ய வேண்டுமே.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, ஆனால் மனம் கேட்கிறது: ‘ஒஹலா யொவியேரா’. மழை பெய்யாதா!

நேற்று ஊரில் பெய்ததா என்று தெரியவில்லை, பெய்திருந்தால் பயிர் பிழைக்கும்: ‘ஒஹலா ஆயா யொவீதோ’. பெய்திருக்க வேண்டுமே.

பெய்யவில்லை என்று தெரிந்துவிட்டது, பயிரும் கருகிவிட்டது: ‘ஒஹலா உபியேரா யொவீதோ’. அன்றைக்குப் பெய்திருக்கக் கூடாதா!

வாய்க்கு வரும் தமிழ் வாக்கியம் இந்த நான்கில் எது என்று பார்த்தால், ஸ்பானிஷ் வினைவடிவம் தானே அமைந்துவிடும். இரண்டாவது படியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அது எப்போதும் ‘முடியவே முடியாது’ என்று பொருள்படாது. இப்போது இல்லாத நிலைக்கும் அதுவே வரும்: ‘ஒஹலா எஸ்துவியேராஸ் அகீ’, நீ இங்கே இருக்கக் கூடாதா. நடக்கக்கூடிய ஒன்றையே கொஞ்சம் தயங்கிக் கேட்கும்போதும் வரும்.

வடிவங்களை உருவாக்குவது

முதல் படிக்கு நிகழ்காலத் தன்மை வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓ’வை நீக்குங்கள். ‘ஆர்’ என்று முடியும் வினையென்றால் ‘எ’, ‘ஏர்’ அல்லது ‘ஈர்’ என்று முடிந்தால் ‘ஆ’ சேருங்கள். ‘யெகார்’ (வந்துசேர்): யேகோ, யேகே. ‘கொமேர்’ (சாப்பிடு): கோமோ, கோமா. ‘சலீர்’ (வெளியே போ): சால்கோ, சால்கா. ‘தெனேர்’ (வைத்திரு): தெங்கோ, தெங்கா. தன்மை வடிவத்திலேயே மாற்றம் இருந்தால் அதுவும் கூட வரும். சால்காவிலும் தெங்காவிலும் நடுவில் உள்ள ‘க’ அப்படி வந்ததுதான். தன்மை வடிவம் ‘ஓ’வில் முடியாத வினைகள் ஆறு. அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: சேயா, எஸ்தே, பாயா, ஆயா, சேப்பா, தே. முறையே இரு, ஒரு நிலையில் அல்லது இடத்தில் இரு, போ, துணைவினை, அறி, கொடு.

இரண்டாம் படி இன்னும் சுலபம், இதற்கு விதிவிலக்கே கிடையாது. ‘அவர்கள்’ என்பதற்கான இறந்தகால வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓன்’ போக்கி ‘ஆ’ போடுங்கள். யெகாரோன், யெகாரா. சலியேரோன், சலியேரா. துவியேரோன், துவியேரா. புதியேரோன், புதியேரா. ‘இரு’, ‘போ’ இரண்டுக்கும் ஃபுவேரோன், ஃபுவேரா. எது என்று சூழல் சொல்லும். ‘யொவியேசே’ என்று ‘சே’யில் முடியும் இன்னொரு வடிவமும் சரியே, எழுத்திலும் ஸ்பெயினிலும் எதிர்ப்படும். அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச ‘ரா’ வடிவம் போதுமானது.

மூன்றாவதும் நான்காவதும் ‘ஆயா’, ‘உபியேரா’ என்ற துணைவினைகளோடு முடிந்த செயலைக் காட்டும் வடிவம் சேர்ந்தவை: யெகாதோ, சலீதோ, கொமீதோ. இந்தச் சொற்களில் வரும் ‘த’வை, ‘பாதை’ என்னும்போது வரும் மென்மையான ‘த’வாகச் சொல்லுங்கள், ஸ்பானிஷில் உயிர்களுக்கு நடுவில் அந்த ஒலி கிட்டத்தட்ட அதேதான். ‘ஏச்சோ’ (செய்தது), ‘தீச்சோ’ (சொன்னது) போன்று சில ஒழுங்கு மீறும்.

எங்கே தவறுகிறது

முதல் தவறு எதிர்கால வினையைப் போடுவது. ‘மழை பெய்யும் என்று நம்புகிறேன்’ என்று மனத்தில் வாக்கியம் அமைத்தால், பெய்யும் என்பதற்கு ‘யொவெரா’ என்று கை தானாக எழுதும். யொவெரா, யொவியேரா இரண்டுக்கும் எழுத்தில் ஒரு ‘இ’யும் ஒரு சாய்கோடுமே வேறுபாடு. ‘ஆர்’ வினைகளில் நிலைமை இன்னும் நுட்பம். ‘யெகாரா’ என்று நடு அசையை அழுத்தினால் ‘வந்துசேராதா’; ‘யெகரா’ என்று கடைசியை அழுத்தினால் ‘வந்துசேரும்’. எழுத்துகள் ஒன்றே, சாய்கோடு ஒன்றுதான் பிரிக்கிறது. ஒஹலாவுக்குப் பின் இந்த வடிவத்தில் சாய்கோடு விழுந்திருந்தால் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒஹலாவையே வினையாகப் பாவிப்பது. ‘யோ’ (நான்) என்பதை முன்னால் சேர்த்து ‘நான் ஒஹலா’ என்று சொல்ல முடியாது. ‘இல்லை’ என்பதை அதற்கு முன்னால் போடவும் முடியாது. ‘நோ’ அதற்குப் பின்னால்தான் வரும்: ‘ஒஹலா நோ யுவேவா’, மழை பெய்யாதிருக்கட்டும். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதற்கும் இது மாறாது. நடுவில் ‘கே’ சேர்த்து ‘ஒஹலா கே யுவேவா’ என்பதும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. மெக்சிகோவில் மக்கள் பேச்சில் ‘கே’ இருக்கும் இடத்தில் ‘இ’ வரும். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் வேண்டாம். பின்னால் வினையின் மூல வடிவத்தை அப்படியே வைத்து ‘ஒஹலா தொர்மீர்’ (தூங்க முடிந்தால் தேவலை) என்று இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் எழுதுகிறார்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது.

மூன்றாவது தவறு இலக்கணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ‘நாளை வருகிறேன், இன்ஷா அல்லாஹ்’ என்ற இடத்தில் ஒஹலாவைப் போட்டுவிடுகிறார்கள். வாக்குக் கொடுத்து, அதை இறைவன் சித்தத்துக்கு ஒப்படைப்பதற்கு ஸ்பானிஷில் ‘சி தியோஸ் கியேரே’ என்ற தொடர் இருக்கிறது. ஒஹலா அந்த வேலையைச் செய்யாது. உங்கள் கையில் இருக்கும் செயலுக்கு அதைப் போட்டால், ‘வருவேனோ மாட்டேனோ’ என்று நழுவுவது போல ஒலிக்கும். ஒஹலா நம் கையில் இல்லாதவற்றுக்கு.

‘எஸ்பேரோ கே’ என்பதோடும் இதைக் குழப்பக்கூடாது. அது எதிர்பார்ப்பு. ‘எஸ்பேரோ கே யேகேஸ் அ தியேம்போ’ என்றால் ‘நேரத்துக்கு வருவாய் என்று எதிர்பார்க்கிறேன்’. சொல்கிற தொனியைப் பொறுத்து அது கண்டிப்பாகவே கேட்கும். அதே வாக்கியம் ஒஹலாவோடு வந்தால் ‘நீ நேரத்துக்கு வந்துசேர வேண்டுமே’ என்ற தவிப்பு. வேலை விண்ணப்பத்திலும் வாடிக்கையாளர் கடிதத்திலும் முந்தியது பொருந்தும். நோயாளியின் வீட்டாருக்கு எழுதும்போது ஒஹலா; அங்கே ‘எதிர்பார்க்கிறேன்’ என்பது சில்லிட்டுக் கிடக்கும்.

சொல்லுக்குள் அல்லாஹ் இருக்கிறாரே, இதைக் கிறித்தவர் சொல்வாரா, கடவுள் நம்பிக்கை இல்லாதவர் சொல்வாரா என்ற தயக்கம் வேண்டாம். எல்லாரும் சொல்கிறார்கள். பேசுகிறவர் காதில் அந்தப் பெயர் இன்று தனியாக ஒலிப்பதில்லை. பக்தியோடு சொல்ல விரும்புகிறவர்கள் ‘தியோஸ் கியேரா கே’ என்று கடவுளை வெளிப்படையாகவே அழைத்துக்கொள்கிறார்கள். ஒஹலா கொச்சையும் அல்ல. செய்தித்தாளிலும் மேடையிலும் கவிதையிலும் தயக்கமின்றி வரும்.

தனியாக வரும்போது

ஒருவர் ‘இந்த முறை உனக்கு வேலை கிடைத்துவிடும்’ என்கிறார். பதிலுக்கு ‘ஒஹலா!’ என்று ஒற்றைச் சொல் போதும். ‘உங்கள் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்’ என்று நாம் சொல்லும் அதே இடம். ஆனால் குரல் பொருளை மாற்றும். ‘லா’வை உயர்த்தி வெட்டினாற்போல் நிறுத்தினால் உற்சாகம். இழுத்துத் தாழ்த்தி ‘ஒஹலாஆ...’ என்றால் ‘எங்கே நடக்கப்போகிறது’ என்ற பெருமூச்சு. இரண்டாவதைக் கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினால் எதிரில் இருப்பவர் விழிப்பார்.

சிலியில் இன்னொரு புழக்கமும் உண்டு. விண்ணப்பத்தோடு கேட்கும் புகைப்படத்தைப் பற்றி ‘ஒஹலா ரெசியேந்தே’ என்று சொன்னால், வினை எதுவும் இல்லாமல், ‘சமீபத்தில் எடுத்ததாக இருந்தால் நல்லது’ என்று பொருள். அங்கே அது ஏக்கமும் அல்ல, கட்டளையும் அல்ல. முடிந்தால் அப்படிக் கொண்டுவாருங்கள் என்ற வேண்டுகோள்.